இரண்டு பாராட்டு, ஒரு கேள்வி

எங்கள் கல்லூரி முதல்வர் பயிற்சி முகாமுக்குப் புறப்பட்டபோது நல்ல மனிதராகத்தான் புறப்பட்டார். திரும்பி வந்தபோது அவரிடம் ஒரு சான்றிதழும் ஒரு வாக்கியமும் இருந்தன. சான்றிதழைச் சுவரில் மாட்டினார். வாக்கியத்தை எங்கள் தலையில் கட்டினார்.

"புத்தகம் என்பது ஒருவழிப் பாதை!"

ஆசிரியர் கூட்டத்தில் சொன்னார். உணவகத்தில் கை கழுவும் இடத்தில் சொன்னார். குழாய் ரிப்பேருக்கு வந்தவரிடமும் சொன்னார். அந்த ஆள் தலையை ஆட்டிவிட்டு, "ஆமா சார், உள்ள அடைச்சிருக்கு" என்றார். முதல்வர் அதையும் தன் அடுத்த உரையில் சேர்த்துக்கொண்டார்.

"புத்தகம் பேசுது, மாணவன் கேட்கிறான். எத்தனை நூற்றாண்டா இந்த அநியாயம் நடக்குது! எந்தப் புத்தகமாவது ஒரு மாணவனுக்குத் திரும்ப லைக் போட்டிருக்கா? சொல்லுங்க பார்ப்போம்!"

யாரும் சொல்லவில்லை. நான் இலக்கியத் துறையில் பல வருடங்களாக மாரடிக்கிறவள். எனக்கும் அப்படி ஒரு புத்தகம் ஞாபகத்துக்கு வரவில்லை.

ஆகவே இனி இலக்கிய வகுப்புகள் சமூக ஊடகத்தில் நடக்கும் என்று முடிவாயிற்று. ஏன் சார் இலக்கியத்தில் ஆரம்பிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"வேதியியல்ல ஆரம்பிச்சா ஏதாவது வெடிச்சிரும்மா. இலக்கியத்துல வெடிக்க என்ன இருக்கு?"

கேட்கும்போது நியாயமாகத்தான் பட்டது.

திட்டத்தை நடத்த 'ஈடுபாட்டு அலுவலர்' என்றொரு புதுப் பதவி உண்டாக்கப்பட்டு, அதில் ஓர் இளைஞர் வந்து அமர்ந்தார். அதற்கு முன் இணையத்தில் மெத்தை விற்றவர். இலக்கியத்துக்கும் மெத்தைக்கும் என்ன சம்பந்தம் என்று நாங்கள் விழித்தபோது, வரலாற்று ஆசிரியர்தான் விளக்கினார்: "ரெண்டுலயும் தூங்கலாம்." அன்றிலிருந்து அவர் எங்களுக்கு மெத்தைக்காரர். சிரித்த முகம். யார் எதைச் சொன்னாலும் "சூப்பர் மேடம்" என்பார். இரண்டு ஜன்னல் வைத்த என் அறையை அவருக்குக் கொடுத்துவிட்டு, என்னைச் சாக்பீஸ் பெட்டிகள் அடுக்கும் அறைக்கு மாற்றினார்கள். சாக்பீஸ் இனி தேவைப்படாது என்பதால் அங்கே இடம் தாராளமாக இருக்கும் என்றார் முதல்வர். பெட்டிகளை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

முதல் மாற்றம் வருகைப்பதிவில் வந்தது. வகுப்பு தொடங்கும்போது நான் ஒரு பதிவு போட வேண்டும். மாணவர்கள் அதற்கு இதயம் போட வேண்டும். இதயம் போட்டவன் வந்தவன், போடாதவன் வராதவன். என் மூக்குக்கு நேர் எதிரே முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையனின் போனில் சார்ஜ் தீர்ந்துபோயிற்று. அவன் வரவில்லை என்று பதிவானது. விடுதியில் போர்வைக்குள்ளிருந்து கட்டைவிரலை மட்டும் வெளியே நீட்டியவன் வந்திருந்தான். முதல் பெஞ்சுக்காரன் எழுந்து நின்று, "மேடம், நான் இங்கதான் இருக்கேன்" என்றான். நான் அதை மேலிடத்துக்கு எழுதிக் கேட்டேன். 'உடல் இருப்பு வருகையாகாது' என்று பதில் வந்தது. தத்துவ ஆசிரியர் அந்த வரியை வெட்டித் தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

அடுத்தது கருத்து விதி. ஒரு மாணவர் எதையாவது எழுதினால், மற்ற மாணவர்கள் ஒவ்வொருவரும் அதன் கீழே இரண்டு பாராட்டும் ஒரு கேள்வியும் எழுத வேண்டும். பாராட்டுக்குத் தலா ஒரு மதிப்பெண், கேள்விக்கு இரண்டு. குறை சொன்னால் கழித்தல். அந்த வாரமே ஒரு பெண் தவறுதலாக வெறும் முற்றுப்புள்ளி ஒன்றைப் பதிவிட்டுவிட்டாள். வகுப்பே திரண்டு வந்து பாராட்டியது. 'அருமை! சுருக்கம் சிறப்பு! கேள்வி: இதை எழுதத் தூண்டியது எது?'

காப்பியங்கள் வந்தபோது நிலைமை முற்றியது. ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் மாணவர்கள் ஒரு கணக்குத் தொடங்கி, அந்தப் பாத்திரமாகவே பேச வேண்டும் என்று உத்தரவு. நாயகன் பெயரில் கணக்கு வைத்திருந்தவன் சோம்பேறி. வில்லனாக இருந்தவன் நன்றாக மிமிக்ரி செய்வான். இரண்டே வாரத்தில் வில்லனைப் பின்தொடர்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். தேர்வில் 'காப்பியத் தலைவன் யார்?' என்ற கேள்விக்கு நான் பழைய விடையையே சரி என்று போட்டேன். மறுநாள் சுற்றறிக்கை வந்துவிட்டது: 'காப்பியத் தலைவர் யார் என்பதை இனி பின்தொடர்வோர் எண்ணிக்கையே தீர்மானிக்கும்.' திருத்தின தாள்களையெல்லாம் திரும்ப வாங்கித் திருத்தினேன். கணவனை இழந்தவளின் புலம்பலை மாணவிகள் மாடிப்படியில் முப்பது நொடி நடனமாகப் படமெடுத்தார்கள். மாடி துடைக்க வந்த அம்மா வாளியோடு ஓரமாக நின்று, எடுத்து முடித்ததும், "பாவம், புருஷன் செத்ததுக்கு இவ்வளவு சந்தோஷமா?" என்று கேட்டுவிட்டுத் துடைக்கப் போனார்.

எனக்கு அழுகையாக வந்தது. முதல்வரிடம் போய் நின்றேன்.

"சார், நீங்க சொல்ற எல்லாத்தையும் செய்யறேன். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எனக்கு ஒரு குழு மட்டும் சாத்தி வெச்சுக் கொடுங்க. என் வகுப்புப் பசங்க, நான். வேற யாரும் வேண்டாம். அவங்க மனசுவிட்டு எழுதணும்."

முதல்வர் நாற்காலியில் சாய்ந்தார். பெருந்தன்மை காட்டும்போது அவர் எப்போதும் சாய்வார்.

"இவ்வளவுதானே? மூடிய குழு. எடுத்துக்கோங்க. நம்பிக்கைதாம்மா ஒரு நிறுவனத்தோட அஸ்திவாரம்."

நானும் நம்பினேன். மூடிய குழு பிறந்தது. உள்ளே எல்லாருக்கும் புனைபெயர். வகுப்பு மாணவர்களோடு, பகலில் வேலைக்குப் போய்க்கொண்டே தபாலில் படிக்கும் சிலரையும் கல்லூரியே சேர்த்துவிட்டது. அவர்களில் ஒருவன்தான் 'ஜன்னலோரம்'.

அந்த ஜன்னலோரத்தைப் பற்றி எப்படிச் சொல்வது? மற்றவர்கள் விதிப்படி பாராட்டித் தள்ளிக்கொண்டிருந்தபோது அவன் பாராட்டவே மாட்டான். கேள்வி மட்டும் கேட்பான். சின்னக் கேள்வி. ஒருத்தி பாடத்திலிருந்த ஒரு கவிதையைப் பற்றி ஏதோ உருட்டி எழுதியிருந்தாள். அவன், 'எந்த வரியில் நின்றுவிட்டீர்கள்?' என்று கேட்டான். அந்தப் பெண் மறுபடியும் கவிதைக்குள் போய், நின்ற வரியைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள். பல வருடமாகக் குனிந்த தலைகளுக்குப் பாடம் நடத்தியவள் நான். முதல் தடவையாக ஒருத்தன் நிமிர்ந்து பார்க்கிறான் என்று நினைத்தேன். வீட்டில் பாத்திரம் துலக்கும்போதுகூட அவன் பேச்சுத்தான். என் கணவர் ஈரத்துணியால் தட்டைத் துடைத்துக்கொண்டே, "உன் ஜன்னலோரம் இன்னைக்கு என்ன கேட்டான்?" என்று விசாரிப்பார். சொல்லுவேன். எனக்கு ஒரு மகன் பிறந்து நன்றாகப் படிப்பதுபோல அப்படி ஒரு பெருமை.

அந்த மாதம் ஒரு சிறுகதை நடத்தினேன். பிரியத்துக்காகச் சொல்லப்பட்ட ஒரு பொய்யைப் பற்றிய கதை. முடித்துவிட்டு, 'நீங்கள் யாருக்காகப் பொய் சொல்லியிருக்கிறீர்கள்?' என்று மூடிய குழுவில் கேட்டேன்.

அன்று மாலை சாக்பீஸ் அறைக் கதவருகே ஒரு பெண் வந்து நின்றாள். வகுப்பில் எப்போதும் தூணுக்குப் பின்னால் உட்காருகிறவள். வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. குழுவில் அவளுக்கு 'மூன்றாம் மாடி' என்று பெயர்.

"மேடம், அதுல எழுதுனா வெளில போகாதுல்ல?"

"போகாதும்மா. அது கதவு சாத்துன வகுப்பு."

"நிச்சயமா?"

"நான் பொறுப்பு" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுப் போனாள். வீடு போய்ச் சேர்ந்ததும் எழுதியிருப்பாள் போலிருக்கிறது. நான் அரிசி களைந்துகொண்டிருக்கும்போது போன் மினுங்கியது.

'என் அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. அது எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது. அவர் பார்சல் கிடங்கில் வேலை செய்கிறார். எண்கள் தெரியும், அதைப் பார்த்து மூட்டை பிரிப்பார். தினமும் காலையில் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்காருவார். நான் தலை வாரிக்கொண்டே அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, செய்தியைச் சத்தமாகப் படித்து, "அநியாயத்தைப் பாருப்பா" என்பேன். சத்தம் போட்டுப் படிப்பது கெட்ட பழக்கம் என்று அம்மா திட்டுவாள். அப்பா ஒருநாளும் திட்டியதில்லை. கிடங்கில் எல்லாருக்கும் அவர்தான் நாட்டுநடப்பு சொல்கிறவர். யாருக்குள் சண்டை வந்தாலும் அவரிடம்தான் நியாயம் கேட்பார்களாம், பேப்பர் படிக்கிற மனுஷன் என்று. நான் படித்துக் காட்டாத நாளில் அவர் கிடங்கில் என்ன பேசுவார் என்று எனக்குப் பயம். அதனால் காய்ச்சல் வந்தாலும் எழுந்து படித்துவிடுவேன்.'

அரிசியை அப்படியே விட்டுவிட்டு நின்றேன். அதற்குள் கீழே விதிப்படி பாராட்டுகள் வந்து இறங்கிவிட்டன.

'அருமை! தலை வாரும் காட்சி தத்ரூபம். நடை எளிமை. கேள்வி: எந்தப் பேப்பர்?'

'சிறப்பு! தொடக்க வரி நச். முடிவும் நச். கேள்வி: அப்பா வயது?'

'மிக அருமை! உணர்ச்சி உள்ளது. எழுத்துப் பிழை இல்லை. கேள்வி: இப்போது காய்ச்சல் எப்படி இருக்கிறது?'

எனக்கு அந்தப் பிள்ளைகள் மேல் கோபம் வரவில்லை. மதிப்பெண்ணுக்கு அவர்கள் என்ன செய்வார்கள்? அப்போதுதான் ஜன்னலோரம் வந்தான். பாராட்டு எதுவும் இல்லை. ஒரே வரி.

'இதைச் சொல்ல உங்களுக்கு எவ்வளவு காலம் ஆயிற்று?'

பிறகு அவள் எழுதினாள். சின்ன வயதில் அவளுக்கு உடம்பு சரியில்லாமல் அப்பா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாராம். 'இந்தக் கவுண்டர் இன்று இயங்காது' என்று எழுதியிருந்த ஜன்னலுக்கு முன்னால் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றுகொண்டே இருந்தாராம். அவள் அப்போதுதான் எழுத்துக்கூட்டப் பழகியிருந்தாள். அப்பா ஏன் இன்னும் நிற்கிறார் என்று யோசித்தாளாம். யோசித்துப் புரிந்ததும், 'அப்பா, அந்த வரிசைல ஃபேன் ஓடுது, அங்க போலாம்' என்றாளாம். அதுதான் அவள் சொன்ன முதல் பொய்.

'இன்னும் கொஞ்சம் சொல்லுங்களேன்' என்றான் ஜன்னலோரம்.

அவள் சொன்னாள். அத்தனையும் சொன்னாள். தூணுக்குப் பின்னால் இத்தனை வருடம் ஒளிந்திருந்த பெண் ஒருத்தி வெளியே வந்து என் கண் முன்னால் உட்கார்ந்ததுபோல இருந்தது. இதற்காகத்தானே இந்த வேலைக்கு வந்தேன் என்று நினைத்தேன். என் கணவரிடம்கூட நான் அதைக் காட்டவில்லை. பொறுப்பு என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா?

கல்லூரியின் பார்வையாளர் நாள் வந்தது. புதிதாகச் சேர வருகிற பிள்ளைகளும் பெற்றோரும் சுற்றிப் பார்க்கும் நாள். காலையில் வாசலுக்குள் நுழைந்த நான் நூலகச் சுவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு பதாகை தொங்கியது. அதில் தூணுக்குப் பின்னால் உட்காரும் பெண்ணின் முகம். அடையாள அட்டைக்கென்று எடுத்த படம். பக்கத்தில் ஒவ்வொரு எழுத்தும் முழ உயரத்தில்:

'என் அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. அது எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது.'

அதற்குக் கீழே ஆஸ்பத்திரி ஜன்னல் கதை முழுவதும் இருந்தது. அதற்கும் கீழே, 'இங்கே இலக்கியம் பேசுகிறது. சேர்க்கை நடைபெறுகிறது.'

மெத்தைக்காரரின் அறைக்கு, அதாவது என் அறைக்கு, ஓடினேன்.

"சூப்பர் மேடம்! பார்த்துட்டீங்களா? உங்க வகுப்புதான் முதலிடம்!"

"அது மூடிய குழு. உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?"

அவர் சந்தோஷமாகக் கணினியை என் பக்கம் திருப்பினார். மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. திரையில் ஒரு வரிசைப் பெயர்கள். கணக்குப்பதிவியல் வகுப்பில் 'படிக்கட்டு'. இயற்பியல் வகுப்பில் 'மொட்டைமாடி'. இலக்கிய வகுப்பில் 'ஜன்னலோரம்'.

"ஒவ்வொரு குழுவுலயும் ஒரு ஆள் விட்டிருக்கோம் மேடம். கலகலப்புக்கு. எல்லாம் நான்தான்."

நான் அங்கே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அது என் பழைய நாற்காலி.

"கேள்வி எல்லாம்... அந்தக் கேள்வியெல்லாம் நீங்கதான் யோசிச்சீங்களா?"

"யோசிக்கறதுக்கு எங்க மேடம் நேரம்? மொத்தம் ஒரு டஜன் கேள்வி இருக்கு. எல்லா வகுப்புக்கும் அதேதான், மாத்தி மாத்திப் போடுவேன். இங்க பாருங்களேன்."

இயற்பியல் குழுவைக் காட்டினார். ஒரு பையன் தண்ணீர் மோட்டாரின் திறனைப் பற்றிப் பதிவிட்டிருந்தான். கீழே மொட்டைமாடி கேட்டிருந்தது: 'இதைச் சொல்ல உங்களுக்கு எவ்வளவு காலம் ஆயிற்று?' பையன், 'எட்டு நிமிஷம்' என்று பதில் போட்டிருந்தான். கணக்குப்பதிவியலில் ஒருத்தி வரவு செலவு ஐந்தொகையைப் போட்டிருந்தாள். 'இன்னும் கொஞ்சம் சொல்லுங்களேன்' என்று படிக்கட்டு கெஞ்சியிருந்தது.

"மெத்தை வித்தப்பவும் இதே கேள்விதான் மேடம். முதுகு வலின்னு யாராவது எழுதுவாங்க. 'இதைச் சொல்ல உங்களுக்கு எவ்வளவு காலம் ஆயிற்று?'ன்னு கேட்டாப் போதும், கொட்டிருவாங்க. ஜனங்ககிட்ட யாருமே கேக்கறதில்ல மேடம், அதான் விஷயம்."

அவர் சொன்னதில் கடைசி வாக்கியம் உண்மை. அதுதான் இன்னும் வலித்தது. என் பிள்ளைபோல நினைத்துத் தூக்கிச் சுமந்தவன் ஒரு மெத்தை விளம்பரம். ஏமாந்தது நான் மட்டும் என்றால் தலையில் அடித்துக்கொண்டு போயிருப்பேன். அந்தப் பெண்ணையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அவன் எதிரே உட்காரவைத்தது நான்.

முதல்வர் அறைக்குப் போனேன். விழாவுக்கான பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டிருந்தார்.

"சார், மூடிய குழுன்னு சொன்னீங்க."

"மூடித்தாம்மா இருக்கு. வெளியாள் யாரும் உள்ள வர முடியாது. உள்ள இருக்கறது வெளிய வரக் கூடாதுன்னு நாம பேசவே இல்லையே?"

"அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"பேர் போட்டிருக்கோமா பாருங்க. போடல. தனியுரிமை விஷயத்துல நம்ம நிறுவனம் ரொம்பக் கண்டிப்பு."

"முகம் போட்டிருக்கீங்களே சார்!"

"முகம் வேற, பேர் வேறம்மா. நீங்க இலக்கியக்காரங்க, இந்த நுணுக்கமெல்லாம் நான் சொல்லியா தெரியணும்?"

"அவங்க அப்பா பார்த்தா?"

முதல்வர் பேட்ஜைக் குத்தி முடித்துவிட்டு என்னைப் பரிவோடு பார்த்தார்.

"ஏம்மா இப்படிப் பதறுறீங்க? அவர் பார்த்தா என்ன? அவருக்குத்தான் படிக்கத் தெரியாதே!"

பிறகு அவர் இன்னும் பேசினார். துயரம் என்பது பகிரப்படாவிட்டால் வீணாகிவிடும் என்றார். கல்லூரியின் வளர்ச்சிக்கு ஒரு குடும்பம் பங்களிப்பது பெருமை என்றார். இந்தப் பெருமையை நேரில் அனுபவிக்கட்டும் என்று அந்தத் தந்தையைத் தாமே போனில் அழைத்திருப்பதாகவும், முன்வரிசையில் இடம் போட்டிருப்பதாகவும் சொன்னார். நான் அவர் பேச்சு முடியும்வரை நிற்கவில்லை. அவரிடம் அவ்வளவு மரியாதைக் குறைவாக நடந்துகொண்டது அதுவே முதல் தடவை.

பதாகையை இறக்கச் சொல்லிப் பராமரிப்பு ஆட்களிடம் கெஞ்சினேன். ஏற்றுவதற்கு அனுமதி இருக்கிறது, இறக்குவதற்கு வேறு அனுமதி வேண்டும் என்றார்கள். ஏணியாவது கொடுங்கள் என்றேன். என் வயதைப் பார்த்துவிட்டுக் கொடுக்க மறுத்தார்கள்.

திரும்பினால் அவள் நிற்கிறாள். நூலகத்துக்கு எதிரே, கூட்டத்துக்கு நடுவே, தன் முகத்தைத் தானே அண்ணாந்து பார்த்துக்கொண்டு. வருகிறவர்கள் பதாகையைப் பார்த்து, அவளைப் பார்த்து, அவள்தான் இவள் என்று கண்டுகொண்டு சிரித்துவிட்டுப் போனார்கள். பக்கத்தில் போனேன்.

"நீங்க கதவு சாத்தியிருக்குன்னு சொன்னீங்க மேடம்" என்றாள். குரலை உயர்த்தவில்லை.

"எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா..."

"ஜன்னலோரம் யாரு மேடம்?"

பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளுடைய அப்பா வந்துகொண்டிருந்தார்.

இஸ்திரி போட்ட சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை, கையில் போன். ஒல்லியான மனிதர். பதாகையைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டார் என்பது அவர் நடையில் தெரிந்தது. ஓடாமல் இருக்கப் பாடுபட்டு நடந்தார். கிட்டே வந்ததும் அவளை விட்டுவிட்டு முதலில் பதாகையைத்தான் படமெடுத்தார். பின்னால் போய் ஒன்று, உட்கார்ந்து ஒன்று.

"எங்க கிடங்கு குரூப்புல போட்டுட்டேன்! இன்னைக்கு ஒருத்தனும் வேலை பார்க்க மாட்டான்!" என்றார் மகளிடம். பிறகு என்னைப் பார்த்து, "நீங்கதானே டீச்சர்? உங்களைப் பத்திச் சொல்லிக்கிட்டே இருக்கும்" என்றார்.

"அப்பா, வாப்பா, போலாம்" என்றாள் அவள்.

"இரும்மா. டீச்சர், வெயில் கண்ணுல அடிக்குது, எழுத்து சரியாத் தெரியல. நீங்கதான் கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்களேன்."

வானம் மூடிக்கிடந்தது. வெயிலே இல்லை.

அந்த நிமிஷம் என்ன செய்வது என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. அண்ணாந்து பார்த்து, வகுப்பில் வாசிப்பதுபோல நிதானமாக வாசித்தேன்: "என் அப்பா தினமும் காலையில் பேப்பர் படிப்பார். அவர் படிப்பதைப் பார்த்துத்தான் எனக்கும் படிப்பில் ஆசை வந்தது. சிறுவயதில் எனக்கு உடம்பு சரியில்லாதபோது அவர் என்னைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. நான் எழுதும் ஒவ்வொரு வரியும் அவர் கொடுத்தது."

என் வாழ்நாளில் நான் இட்டுக்கட்டிய ஒரே கதை அதுதான். அவர் கண் கலங்கிவிட்டது. "தோள்லேர்ந்து இறக்கவே இல்லதான். அது ஞாபகம் வெச்சிருக்கியா?" என்று மகளின் தலையைத் தடவினார். அவள் என்னைப் பார்த்தாள். மன்னிக்கவில்லை, ஆனால் பார்த்தாள். இப்படியே இவர்களை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டால் போதும் என்று நினைத்தேன்.

அவர் கையிலிருந்த போன் கூவியது.

"பார்த்தியா, அதுக்குள்ள! நம்ம கிடங்குத் தம்பி பேசி அனுப்பியிருக்கான்" என்று சத்தத்தைக் கூட்டி, எங்களுக்கும் கேட்கட்டும் என்று போனைத் தூக்கிப் பிடித்தார்.

"அண்ணே, படம் பார்த்தோம்ணே. பொண்ணு என்னமா எழுதியிருக்கு! இங்க எல்லாரும் நின்னு படிச்சோம். உங்களுக்குப் படிக்க வராதுன்னு எங்களுக்குத் தெரியவே தெரியாதுண்ணே. அதான் எழுதாமப் பேசி அனுப்புறேன். மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. நாளைலேர்ந்து பேப்பரை நான் படிச்சுச் சொல்றேன்."

கேலியாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. அந்தத் தம்பி அவ்வளவு அன்பாகச் சொன்னான்.

போன் தானாக இருண்டது. அவர் அதைச் சட்டைப்பைக்குள் போட இரண்டு தடவை முயன்று, பிறகு கையிலேயே வைத்துக்கொண்டார். பதாகையை அண்ணாந்து பார்த்தார்.

"டீச்சர், நீங்க வாசிச்சது அதுல இல்லியா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"அப்ப என்னதான் இருக்கு? இருக்கறத வாசிங்க."

"வேண்டாம்பா" என்றாள் அவள்.

"வாசிங்க டீச்சர்."

வாசித்தேன். முதல் வரியிலிருந்து வாசித்தேன். ஆஸ்பத்திரி ஜன்னல் வந்தது, ஃபேன் ஓடும் வரிசை வந்தது. என் குரல் வகுப்புக் குரலாக இல்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைச் சற்றுச் சாய்த்து, அவர் ஒரு சொல் விடாமல் கேட்டார். நூலகப் படிக்கட்டில் நின்ற மெத்தைக்காரர் எங்களைப் பார்த்துப் போனை உயர்த்திப் பிடித்து, கட்டைவிரலைக் காட்டினார். எல்லாம் முடிந்த பிறகு அப்பா மகள் பக்கம் திரும்பினார். கோபமே இல்லை. கேட்கத்தான் கேட்டார்.

"ஊருக்கெல்லாம் சொன்னியே. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"ஊருக்குச் சொல்லலப்பா" என்றாள் அவள். "மேடம்கிட்டதான் சொன்னேன்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.